பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் தூரத்துக்கு நாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. அதனை இழுத்தது நீராவி. 1925-இல் பம்பாயில் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் இயங்கும் ரயில்கள் தோன்றின. காலப்போக்கில் அதுவும் போதாமற்போகவே, புறநகர்ப் பாதைகள் 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்குப் படிப்படியாக மாற்றப்பட்டன. 2016-இல் அப்பணி நிறைவெய்தியது. மாறுதல் நடைபெற்ற ஆண்டுகளில் இருவகை மின்சாரத்திலும் ஓடவல்ல வண்டிகள் பயன்பட்டன. இயக்கும் ஆற்றல் இருமுறை மாறியும், தாணேக்குச் செல்லும் பாதை கைவிடப்படவில்லை. உள்ளதைக் காத்துக்கொண்டே புதியதை ஏற்பது எப்படி என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

கணினியைப் பொறுத்தவரை இத்தகைய நிதானம் அரிதாகவே காணப்படுகிறது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியையும் கோருகிறது. இன்டெல் செயலியாயின், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருத்தல் வேண்டும். ஆகவே ஏறக்குறைய 2018-க்கு முன்னர் விற்பனையான மடிக்கணினிகளுள் பெரும்பாலானவை இந்த வாயிலைக் கடக்க இயலாதவை. இக்காரணத்தால் உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் கழிவாகக்கூடும் என்று கேனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. பள்ளிக்கூடத்துக் கணினி அறையிலும், களப்பணியாளரின் தோட்பையிலும் உள்ள பொறிகள் பல இக்கணக்கில் அடங்கும்.

இந்நிலையில் பொதுவாக இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஒன்று, ஏதும் நேராதது போல் பழையபடியே உபயோகிப்பது. மற்றொன்று, பொறியை ஏலப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் புதியதற்கு விண்ணப்பிப்பது. இரண்டும் ஆராயாமல் எடுக்கப்படும் முடிவுகள். பழைய பொறியில் புதிய, ஆதரவுள்ள இயங்குதளம் ஒன்றை நிறுவி அதனை மேலும் சில ஆண்டுகள் உழைக்கச் செய்வது பெரும்பாலும் இயலும். ஆனால் அதற்கு வேண்டிய முதன்மையான பொருள் கடையில் கிடைப்பதன்று. ஒவ்வொரு பள்ளியிலும் ஒவ்வொரு அலுவலகத்திலும் அதனை அறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். அவருடைய பயிற்சிக்குப் பணமும் நேரமும் ஒதுக்கப்படாதவரை வேறெந்தச் செலவும் பலன் தராது.

ஆதரவு முடிவது என்றால் என்ன?

ஆதரவு முடிந்த மறுநாள் கணினி நின்றுவிடுவதில்லை. அதனாலேயே பலர் ஆபத்தை உணர்வதில்லை. பல கோடி வரிகள் கொண்ட இயங்குதளத்தில் குறைகள் தொடர்ந்து கண்டறியப்பட்டு வருகின்றன. தயாரித்தவர் அவற்றுக்குத் திருத்தம் அனுப்புகிறார். திருத்தம் நின்றபின் கண்டறியப்படும் ஒவ்வொரு குறையும் மூடப்படாத கதவாகிறது.

இதன் விளைவைப் பார்க்கத் தாணேக்கு வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 2017 ஜூன் 27-இல் உலகின் பல நாடுகளில் பரவிய நாட்பெட்யா என்னும் நச்சுநிரல், நவா சேவாவிலுள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு கொள்கலன் முனையத்தின் கணினிகளையும் முடக்கிற்று. பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை தடைப்பட்டது. அந்நிரல் பரவிய வழிகளுள் ஒன்று விண்டோஸில் இருந்த ஒரு குறை. அதற்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது. வெளியான திருத்தத்தை ஏற்காத பொறிகளுக்கே அந்தக் கதி நேருமாயின், திருத்தமே வராத பொறிகளின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். மாணவர் விவரமும், பயனாளிகளின் ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் தாங்கிய அலுவலகக் கணினியை இந்நிலையில் இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது பிறர் பொருளைக் காவலின்றி வைப்பதற்கு ஒப்பாகும்.

பொறியின் ஆற்றல் போதாதா?

பழைய மடிக்கணினியை ஒதுக்குவோர் அதற்கு ஆற்றல் இல்லையென்கின்றனர். பம்பாயிலேயே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையில் உருவான டிஃப்ராக் என்னும் கணினி 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிற்று. அதன் நினைவகம் 40 பிட் அளவுள்ள 2,048 சொற்களைக் கொண்டது. இன்றைய கணக்கில் 10 கிலோபைட். அதனைக் கொண்டே விஞ்ஞானிகள் பௌதிக ஆராய்ச்சிக்கான கணக்குகளைச் செய்தனர். இன்று உபயோகமற்றதென ஒதுக்கப்படும் 4 ஜிகாபைட் மடிக்கணினியின் நினைவகம் அதனைக் காட்டிலும் சுமார் நான்கு லட்சம் மடங்கு பெரியது. வருகைப் பதிவேடு எழுதவும், வினாத்தாள் தயாரிக்கவும், அரசாங்க இணைய வாசல்களில் விவரம் பதியவும் இது போதாதென்பது பொருந்தாது.

ஆயினும் பழைய பொறி மந்தமாக இயங்குவது உண்மை. அதற்குச் செயலியைவிட வன்தட்டே பெரும்பாலும் காரணமாகும். மடிக்கணினிகளில் வழக்கமாக உள்ள வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு நேரே வருவதற்குச் சராசரி அரைச் சுற்றுக் காலம் காத்திருக்க வேண்டும். முனை நகர்ந்து செல்லும் காலம் வேறு. ஆகவே வெவ்வேறிடங்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளை விநாடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத்தர இயலாது. புதிய இயங்குதளமோ தொடங்கும்போதே ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பகம் அதே வேலையை விநாடிக்குப் பல ஆயிரம் முறை செய்கிறது. வன்தட்டை நீக்கி இதனைப் பொருத்தியவுடன் ஐந்து நிமிடம் கழித்து விழிக்கும் கணினி அரை நிமிடத்தில் விழித்தெழுவது இதனாலேயே.

இரண்டாவது காரணம் நினைவகக் குறைவு. நினைவகம் நிரம்பியதும் இயங்குதளம் அதன் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றிவைக்கிறது. மந்தமான தட்டின்மீது மேலும் பாரம் ஏறுகிறது. 4 ஜிகாபைட் உள்ள பொறியில் 8 ஆக்கினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். 2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே பழுதாகி ஒதுக்கப்பட்ட பொறியிலிருந்து நல்ல நினைவகத் தகட்டைக் கழற்றி மற்றொன்றில் பொருத்துவது இக்காலத்துக்கு ஏற்ற சிக்கனம். மும்பையில் இவ்வுறுப்புகளுக்கு லாமிங்டன் ரோடு கடைத்தெரு நெடுங்காலமாகப் பேர்பெற்றது. சில மாதிரிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கச் செல்லுமுன் அதனைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சோதித்தபின் தீர்ப்பு

ஆகவே பொறி வாங்கிய ஆண்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் செய்வது முறையன்று. சில எளிய சோதனைகள் உள்ளன. முதலாவது, செயலி 64 பிட் வகையைச் சேர்ந்ததா என்பது. 2008-க்குப் பின் வந்த மடிக்கணினிகளுள் பெரும்பாலானவை அவ்வகையினவே. 32 பிட் மட்டுமே ஆனால் அதன் எதிர்காலம் குறுகியது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-இல் அத்தகைய பொறிகளில் நிறுவும் வசதியே நீக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது, மின்கலம். அது உப்பியிருந்தால் பொறியை உடனே அணைத்து மின்கலத்தைப் பக்குவமாக அகற்றுவித்தல் வேண்டும், அது தீப்பற்றக்கூடியது. மூன்றாவது, தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவச் சிறு மின்கலம். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் கணினியின் தேதி பின்னோக்கிப் போய்விடும்; தேதி தவறானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றுகள் செல்லாதனவாகத் தோன்றி, தளங்கள் திறக்க மறுக்கும். சில ரூபாய்ப் பொருளின் குறையால் பொறியே கெட்டதாகக் கருதப்பட்டு மூலைக்குச் செல்வதுண்டு.

நான்காவது சோதனையே முக்கியமானது. புதிய இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் ஏதும் எழுதாமல், அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றனவா என்பதை அரைமணி நேரத்தில் கண்டுகொள்ளலாம். திருப்தியானபின் கோப்புகளை வேறோரிடத்தில் பிரதியெடுத்து வைத்துவிட்டே நிறுவுதலைத் தொடங்க வேண்டும். பிரதியெடுக்காமல் தொடங்குவது மன்னிக்கத்தக்க பிழையன்று.

எதனை நிறுவுவது?

லினக்ஸ் உட்கருவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளங்கள் பல உள்ளன. அவற்றுள் எளிய திரைச்சூழல் கொண்டவை பழைய பொறிக்கு ஏற்றவை. டெபியனை எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலோடு நிறுவலாம். லினக்ஸ் மின்ட்டும் அச்சூழலோடு கிடைக்கிறது. சென்னை சி-டாக் நிலையம் உருவாக்கிய பாஸ் என்னும் பாரத இயங்குதளமும் டெபியனை அடியொற்றியது. இந்திய மொழிகளுக்கு முதலிடம் அளிப்பது. தமிழ் 99 விசைப்பலகை முறையை இவற்றில் அமைத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆஃபீஸ் கடிதம், அட்டவணை, படக்காட்சி ஆகிய மூன்றுக்கும் உதவும்.

இவையும் என்றென்றைக்கும் பழைய பொறிகளைத் தாங்குவன அல்ல. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியது 386 செயலி கொண்ட கணினியில். 2013-இல் வெளியான லினக்ஸ் 3.8-இல் அச்செயலிக்கான ஆதரவு நீக்கப்பட்டது. அதாவது, பிறந்த வீட்டையே அது விட்டு நீங்கியது. ஆனால் இருபதாண்டுகளுக்கு மேல் தாங்கிய பிறகே நீங்கியது. வேறுபாடு இக்கால அளவில்தான் உள்ளது.

இரு மாநிலங்களின் அனுபவம்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அதன்கீழ் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பொறிகள் வழங்கப்பட்டன. தொடக்கத்தில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7, பாஸ் ஆகிய இரண்டும் இருந்தன. பம்பாயில் இருவகை மின்சாரத்திலும் ஓடிய வண்டிகளைப் போன்ற ஏற்பாடு இது. பின்னர் 2014 ஏப்ரல் 8-ஆம் நாள் விண்டோஸ் எக்ஸ்பி-யின் ஆதரவு முடியும் தறுவாயில், அரசுத் துறைகள் பாஸ் இயங்குதளத்துக்கு மாற வேண்டுமென்று தமிழ்நாடு அரசு பணித்தது. இரண்டும் தொலைநோக்குடைய முடிவுகளே. ஆனால் ஒரே பொறியில் இரண்டு இருக்கும்போது, கற்றுத்தர ஆளில்லாதவிடத்து, கை பழகியதையே நாடும். இரண்டாவது இயங்குதளம் தொடக்கத் திரையில் ஒரு வரியாக நின்றுவிடும். ஆணையும் பொருளும் சென்று சேர்ந்த வேகத்தில் பயிற்சி சென்று சேர்வதில்லை.

கேரளம் மற்றொரு வழியைக் காட்டிற்று. 2001-இல் அங்குத் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் சில ஆண்டுகளில் பள்ளிகள் அனைத்தையும் கட்டற்ற மென்பொருளுக்குக் கொணர்ந்தது. பாடநூல், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்பின் செய்முறைத் தேர்வு மூன்றும் ஒருங்கே அதற்கேற்ப அமைக்கப்பட்டன. அதன் வழித்தோன்றலான கைட் நிறுவனம் 2019-இல் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய பதிப்பை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கென வெளியிட்டது; இம்முறையால் மிச்சமாகும் உரிமக் கட்டணம் 3,000 கோடி ரூபாய் என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்களில், பொறியைப் பராமரிக்க மாணவரே கற்கின்றனர். தமிழ்நாட்டில் பொறிகள் மிகுதி. கேரளத்தில் பொறியோடு கையும் பழக்கப்பட்டது. வேறுபாடு இதுவே.

மும்பை வட்டாரத்துக்கு இவ்வகையில் ஒரு வாய்ப்பு அருகிலேயே உள்ளது. தாணேக்கு அண்மையில் பவாயில் அமைந்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று வளர்த்த ஸ்போக்கன் டியூட்டோரியல் திட்டம் லினக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் முதலியவற்றைச் சுமார் பத்துப் பத்து நிமிடப் பாடங்களாகக் கற்பிக்கிறது. திரையில் ஒருபாதியில் பாடம் ஓட, மறுபாதியில் கற்பவர் அதனைச் செய்துபார்க்கும் முறையில் அவை அமைந்தவை. பாடங்களுள் பல தமிழிலும் ஒலிப்பதிவு செய்யப்பட்டுள்ளன. மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. தாராவியில் அவற்றிற் பயிலும் பிள்ளைகளின் ஆசிரியர்க்கு இப்பாடங்கள் வெகுவாக உதவும். ஆங்கிலக் கையேட்டைக் கண்டு தயங்கும் களப்பணியாளருக்கும் இது பொருந்தும்.

மாற்றக்கூடாத இடங்கள்

எல்லாப் பொறிகளையும் மாற்றிவிடலாமென்பது இதன் கருத்தன்று. டேலி கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென ஆக்கப்பட்டது. கணக்குப் பிரிவின் கணினியை லினக்ஸுக்கு மாற்றினால் கணக்கு நிற்கும். மின்னணுக் கையொப்பச் சாதனங்கள், சில பழைய அச்சுப்பொறிகள், வருடிகள் ஆகியவற்றுக்கு லினக்ஸில் இயங்கும் நிரல் உண்டா என்று முன்னரே பார்க்க வேண்டும். தமிழ்க் கோப்புகளிலும் ஓர் எச்சரிக்கை தேவை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட கோப்புகள் புதிய பொறியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். அவற்றை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பின்னும் இக்கோப்புகள் அலுவலகங்களில் மிகுந்தே இருக்கின்றன.

கட்டாயம் விண்டோஸ் வேண்டப்படும் இடங்களுக்கு ஓர் இடைக்கால வழி உண்டு. கல்வி நிறுவனங்களுக்கு விண்டோஸ் 10-இன் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் கணினி ஒன்றுக்கு முதலாண்டு ஒரு டாலர், இரண்டாமாண்டு இரண்டு, மூன்றாமாண்டு நான்கு டாலர் என்ற விலையில் அறிவிக்கப்பட்டன. இவை 2028 அக்டோபர் வரை செல்லும். வணிக நிறுவனங்களுக்கு முதலாண்டு விலையே 61 டாலர் என்பதை நோக்க, இச்சலுகை பெரிது. இக்கால அவகாசத்தை வாங்குவதில் தவறில்லை. அவகாசம் முடியும் நாளில் மீண்டும் இதே இடத்தில் நிற்பதுதான் தவறு. விண்டோஸ் 11-ஐத் தகுதியற்ற பொறியில் குறுக்கு வழியில் ஏற்றும் முறைகளும் உலவுகின்றன. அவற்றுக்குத் தொடர்ந்து திருத்தங்கள் வரும் என்ற உறுதி இல்லையாதலால் பொது அலுவலகத்துக்கு அவை தகா.

உண்மையிலேயே ஆயுள் முடிந்த பொறிகளைப் பற்றியும் ஒரு சொல். தாராவியின் மறுசுழற்சித் தொழில் உலகறிந்தது. ஆயினும், பிளாஸ்டிக் உறையைப் பிரித்தெடுப்பது வேறு, சுற்றுப்பலகையை எரித்தும் அமிலத்திலிட்டும் உலோகம் எடுப்பது வேறு. பின்னதில் எழும் ஈயமும் நச்சுப் புகையும் அதனைச் செய்யும் தொழிலாளியின் உடலிலேயே முதலில் தங்குகின்றன. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். வன்தட்டிலுள்ள விவரங்களை முற்றும் அழித்த பின்னரே பொறி அலுவலகத்தை விட்டு வெளியேற வேண்டும்.

செய்யத்தக்கது

புதிய மடிக்கணினிகள் வேண்டாமென்று எவரும் சொல்லார். ஆனால் பத்துப் பொறிகளை மாற்றுவதற்கு விண்ணப்பம் எழுதுமுன், உள்ள பத்தையும் சோதித்த குறிப்பொன்று அதனோடு இணைக்கப்பட வேண்டுமென்று மேலதிகாரிகள் கேட்பது பொருத்தமாகும். அவ்வாறே, புதுப்பித்தலுக்கு ஒதுக்கப்படும் தொகையில் ஒரு பகுதி பள்ளிக்கு ஒருவர், வட்டார அலுவலகத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பயிற்சிக்கென விலக்கி வைக்கப்படுதல் வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு வாரத்தில் இரண்டு மணி நேரமாவது இவ்வேலைக்கென அலுவல்முறையில் அனுமதிக்கப்பட வேண்டும். ஓய்வு நேரத்தில் ஆர்வத்தால் செய்யட்டும் என்று விடப்படும் வேலை, அவர் மாற்றலாகிச் சென்ற அன்றே நின்றுபோகும். அவர் செய்தவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்து, அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பதும் முறையாக்கப்பட வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் பள்ளிகள் ஜூன் மாதத்தின் நடுவில் திறக்கின்றன. அதற்கு முந்திய விடுமுறையில் ஒரே ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு, கோப்புகளைப் பிரதியெடுத்து, பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, திடநிலைச் சேமிப்பகம் பொருத்தி, புதிய இயங்குதளத்தை நிறுவி, ஒரு மாதம் அதிலேயே வேலை செய்து பார்க்கலாம். அதில் நேரும் இடையூறுகளை எழுதிவைத்தால், மற்றப் பொறிகளுக்குத் தக்க வழி அக்குறிப்பிலிருந்தே கிடைக்கும்.